22-ஆ, 24-ஆ?

நம் வயதுக்காரர்களுக்கு சைக்கிள் என்றால் இரண்டே அளவுதான். 22 அல்லது 24. கடை வாசலில் போய் நின்றால் கடைக்காரர் ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். நெட்டையான ஆளுக்கு 24, மற்ற எல்லோருக்கும் 22. அதற்கு மேல் பேச்சில்லை. அந்த எண் சக்கரத்தின் அளவு என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சக்கரம் இரண்டிலும் 28 அங்குலம்தான். பெடல் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி இறங்குகிற குழாயின் மேல் முனை வரை எத்தனை அங்குலமோ, அதுதான் அந்த 22.

நான் பள்ளிக்கூடம் போனது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவர்கள் வைத்திருந்த பிரெஞ்சு சைக்கிள்களுக்கு 54, 56, 58 என்று சென்டிமீட்டரில் அளவு சொல்வார்கள். பிறகு அரசு வேலை கிடைத்து புதுக்கோட்டைக்கு வந்த பிறகுதான் அங்குலக் கணக்கு பழகியது. 22 அங்குலம் என்பது ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். 24 என்பது 61.

இப்போது இதெல்லாம் எதற்கு என்றால், சென்னையில் வேலை பார்க்கும் என் பேத்தி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் கோஷ்டியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பழைய இரும்பு ரேஸ் சைக்கிள்தான் வேண்டுமாம். புதுச்சேரியில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் வெள்ளை நிற பெழோ ஒன்று பரணில் கிடக்கிறது. (இங்கே பியூஜியாட் என்பார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.) 1975, 77 இரண்டு ஆண்டும் தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் பெர்னார் தெவெனே ஜெயித்தது பெழோ சைக்கிளில்தான். நல்ல ஜாதிக் குதிரை, சந்தேகமே இல்லை. ஆனால் அளவு 58. உறவினர் சொன்னாராம்: "அதனால என்னம்மா, சீட்டை இறக்கிக்கலாம்."

போனில் கேட்டாள், "இறக்கிக்கலாமா தாத்தா?"

"முதல்ல உன் உள்கால் அளவைச் சொல்லு" என்றேன்.

பேன்ட் தைக்கிற டெய்லர் எடுப்பாரே, அதே அளவுதான். ஆனால் துணிக்கு எடுப்பது போல் தளர்வாக எடுக்கக்கூடாது. வெறுங்காலில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே நன்றாக மேலே ஏற்றிப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அவளுக்கு 74 சென்டிமீட்டர் வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சீரில் கிமார் என்ற பயிற்சியாளர் கையாண்டது. அவரிடம் பழகிய அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், 1986-இல் தூர் ஜெயித்தவர், அதை உலகமெங்கும் பரப்பினார். உள்கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். 0.65 ஆல் பெருக்கினால் பிரேம் அளவு. பேத்திக்குச் சீட் உயரம் 65.3, பிரேம் 48.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இந்த 48 என்பது அச்சின் நடுவிலிருந்து மேல்பாரின் நடு வரை அளந்தால். சீட் குழாயின் உச்சி வரை அளந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் போலக் கூடும், அதற்கு 0.67 ஆல் பெருக்க வேண்டும். விற்கிறவர்கள் எதை அளந்தோம் என்று சொல்வதேயில்லை. பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி அந்த 58-ஐப் பாருங்கள். சீட்டை அடிமட்டம் வரை இறக்கினாலும், கிளாம்ப், சீட் இவற்றின் கனமே 7, 8 சென்டிமீட்டர் வரும். அப்போதே 65, 66 ஆகிவிட்டது. அதற்குக் கீழே இறக்க இடமில்லை. பார் தரையிலிருந்து 82 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். பிள்ளையின் கால் 74. சிக்னலில் திடீரென்று பிரேக் பிடித்து இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, சீட்டை இறக்கலாமே தவிர மேல்பாரின் நீளத்தைக் குறைக்க முடியாது. எட்டி எட்டிப் பிடித்து ஓட்டினால் ஐம்பது கிலோமீட்டரில் கழுத்தும் தோளும் போய்விடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் யாரு அளவு பார்த்தா? கிடைச்சதை ஓட்டினோம்" என்றாள்.

உண்மைதான். அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் நடந்த 1991, 92 காலத்தை இந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். எழுத்துப் படிப்போடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஓட்டக் கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது அவர் கணக்கு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளையே பெண்கள் ஓட்டியதையும், குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று பார் வைத்ததையே சிலர் விரும்பியதையும் அவர் குறிப்பிடுகிறார்.

என் மனைவி அப்போது சத்துணவு மையத்தில் வேலை பார்த்தாள். மாலையில் அறிவொளி வகுப்பு. அவளுக்குக் கிடைத்தது 22 அங்குல ஜென்ட்ஸ் சைக்கிள். இடது காலைப் பெடலில் வைத்து, நாலு தத்து தத்தி, புடவையை ஒரு கையால் ஒதுக்கி, பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவாள். முன்னால் பாரில் துண்டைச் சுற்றி எங்கள் மகன், பின்னால் கேரியரில் சிலேட்டு மூட்டை. பெடல் கீழே போகும்போது கால் முழுதாக எட்டாது. இடுப்பை இப்படியும் அப்படியும் சாய்த்துத்தான் மிதிப்பாள். ஒருநாள் ஒரு லாரிக்கு ஒதுங்கி நிறுத்தப் போய், கால் தரையைத் தொடாமல் சைக்கிளோடு சாய்ந்து, மகனை மேலே தூக்கிப் பிடித்தபடி முழங்கையில் விழுந்தாள். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அவள் முழங்கையில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. மறுநாள் கட்டோடு நடந்து போனாள். கட்டுப் பிரித்த வாரமே மறுபடி சைக்கிள். அதே சைக்கிளைப் பணி ஓய்வு வரை ஓட்டினாள்.

"எனக்கும் அளந்து பாருங்களேன்" என்றாள். அதே புத்தகம், அதே சுவர். 71 சென்டிமீட்டர். உச்சி வரைக்கான 0.67 ஆல் பெருக்கிப் பார்த்தேன்: 48. அவள் அத்தனை வருஷம் ஓட்டியது 56. நம் ரோட்ஸ்டர் சைக்கிளின் குழாய்கள் பின்பக்கம் நன்றாகச் சாய்ந்தவை, ரேஸ் சைக்கிளோடு அப்படியே ஒப்பிடக்கூடாது என்றாலும், எட்டு சென்டிமீட்டர் எட்டு சென்டிமீட்டர்தான். கணக்கைக் காட்டினேன். "அப்ப நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன், சைக்கிள்தான் சரியில்லே" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெழோ வேண்டாம் என்று பேத்திக்குச் சொல்லிவிட்டேன். உறவினருக்கு வருத்தம். பிரெஞ்சு பிரேம்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஹேண்டில் தண்டு 22.0 மில்லிமீட்டர், இங்கே கிடைப்பது ஆங்கில அளவான 22.2. சுத்தியலால் தட்டி இறக்குகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பிரேம் கழுத்து வீங்கிவிடும்.

பிரெஞ்சில் மிக்ஸ்த் என்று ஒரு வகை உண்டு. ஆண், பெண் இருவருக்கும் பொது. மேல்பாருக்குப் பதில் இரண்டு மெல்லிய குழாய்கள் ஹேண்டிலிலிருந்து பின்சக்கர அச்சு வரை சரிவாக இறங்கும். அதைச் சொன்னேன். பேத்திக்குப் பிடிக்கவில்லை, பார் வைத்ததுதான் வேண்டுமாம்.

இப்போது பெங்களூரில் ஒருவர் 50 அளவில் ஒரு இரும்பு சைக்கிள் விற்கிறார் என்று படம் அனுப்பியிருக்கிறாள். 50 என்றது பாரின் நடு வரையா, உச்சி வரையா, மேல்பார் நீளம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னேன். உச்சி வரைதான், மேல்பார் 52 என்று பதில். பரவாயில்லை, பொருந்தும். சின்னப் பிரேம்களில் ஹேண்டிலைத் திருப்பும்போது ஷூ முனை முன்சக்கரத்தில் இடிக்கும். அதை மட்டும் நேரில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

"முன்னால புள்ளை உட்கார்ற மாதிரி பார் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. பேத்திக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.