ஓலைத்தொடுவாயில் ஒரு வாடி

மன்னார்த் தீவின் வடகரையில், பட்டினத்துக்கும் பேசாலைக்கும் இடையே அமைந்த சிற்றூர் ஓலைத்தொடுவாய். தலைமன்னார் வீதியில் பஸ்ஸிற் செல்வோர் பெரும்பாலும் இவ்வூரைக் காண்பதில்லை. வீதியை விட்டு வடக்கே திரும்பிப் பனைகளுக்கிடையே மணலில் நடந்தாற்றான் ஊரும், ஊருக்கு அப்பாற் கடலும் கண்ணிற் படும். பட்டினத்துக் கோட்டையையும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டு, தலைமன்னார் முனையில் நின்று இராமர் அணை இருக்குந் திசையை நோக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவோரே மிகப் பலர். போரினால் 1990ஆம் ஆண்டிலே நின்றுபோன புகையிரதம் 2015 மார்ச்சில் மீண்டும் தலைமன்னார்வரை ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த அவசரம் இன்னும் கூடியிருக்கிறது.

தொடுவாய் என்பது கடலும் களப்பும் ஒன்றையொன்று தொடுகின்ற வாயைக் குறிக்கும் சொல். சிலாபத்துக்கு அண்மையிலும், தமிழகத்திலே சீர்காழிப் பக்கத்திலும் இப்பெயருடைய ஊர்கள் உள. இவ்வூர்ப் பெயரின் முன்னே ஓலை வந்து சேர்ந்த கதையை ஆராய நான் புகவில்லை. பனையோலையினால் வேலி, பனையோலையினாற் கூரை, பனையோலையிற் கடகம் என்று எங்கும் ஓலை மயமாயிருந்த ஒரு கரைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

நான் சொல்ல வந்தது வாடியைப் பற்றி. உள்நாட்டு வாசகர்களுக்காக அதனைச் சற்று விளக்குதல் வேண்டும். மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்டது; வடக்கே பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் குமுறும், தென்கடல் அடங்கியிருக்கும். சோழகம் பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். ஆகவே இத்தீவின் கடற்றொழிலாளருக்கு ஒரே வீட்டில் ஆண்டு முழுவதும் அடங்கியிருத்தல் இயலாது. வீடு ஒரு கரையிலும் தொழில் மறு கரையிலுமாகப் பல மாதங்கள் கழியும். தூரத்து ஊர்களிலிருந்தும் பருவத்தைத் தேடி இங்கு வருவோர் உண்டு. இங்கிருந்து வேறு கரைகளுக்குப் போவோரும் உண்டு. அவ்வாறு போனவிடத்திலே கடலோரமாக நான்கு தடி நட்டு, குறுக்கே மரம் போட்டு, ஓலையோ கிடுகோ வேய்ந்து அமைத்துக்கொள்ளும் குடிலே வாடி. இக்காலத்தில் ஓலைக்குப் பதிலாகத் தகரமும் தறப்பாளும் வந்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

வாடியின் உள்ளே நுழைந்து பார்த்தால் அங்கே வீண் என்று சொல்லத்தக்க ஒரு பொருளும் இராது. ஒரு மூலையில் வலை, ஒரு மூலையில் எண்ணெய்க் கலன், ஐஸ் இட்டு மீன் அடுக்கும் பெட்டி. கூரை வளையிலே தொங்கும் உறியில் சீனியும் தேயிலையும். மணலே தரை, மணலே மெத்தை. சமையல் வெளியே மூன்று கல்லின்மேல். கறிக்குக் காசு வேண்டியதில்லை. வலையிலே விழுந்ததில் விலைபோகாத சிறுமீன் போதும். சோற்றுக்கும் தேங்காய்க்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். வாடகை என்ற பேச்சே அங்கில்லை. கரைவலைக்குரிய பாடு இன்னாருடையது என்பதில் வழக்கும் உரிமையும் உண்டு. அதிலே சண்டைகளும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டிலே வலை இழுப்பவன் இரவு எங்கே படுப்பது என்பதைப் பற்றி யாரும் சண்டையிட்டதாக நான் கேள்விப்படவில்லை. தொழிலுக்கு ஆள் வேண்டுமாயின் அவன் தலைசாய்க்க ஒரு துண்டு மணல் வேண்டும் என்பது, படிப்பறிவு பெரிதும் இல்லாத அக்காலத்துச் சம்மாட்டியாருக்கும் விளங்கியிருந்த உண்மை.

இந்த ஏற்பாடு மிகப் பெரிய அளவிலே நடந்த இடமும் மன்னாரின் கரைதான். தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலே முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்தில், ஆளரவமற்ற மணல்வெளியிற் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும்பும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபுக்கரை ஆகிய இடங்களிலிருந்து குளியாட்கள் வருவர். வணிகரும் வட்டிக்குக் கொடுப்போரும் அவர் பின்னே வருவர். தெருக்கள், கடைவீதி, வைத்தியசாலை, நீதிமன்று, மறியற்கூடம் எல்லாம் தடியாலும் ஓலையாலும் ஆனவை. நள்ளிரவிலே கரைக்காற்றோடு தோணிகள் புறப்பட்டு, பிற்பகலிலே கடற்காற்றோடு திரும்பும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசினருக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தை மேற்பார்வை செய்த உத்தியோகத்தருள் ஒருவர் இலெனாட் வூல்வ். பின்னாளிலே ஆங்கில இலக்கிய உலகிற் பெயர் பெற்ற அவர், அழுகும் சிப்பியின் நாற்றத்துக்கு நடுவே தாம் கழித்த அந்நாட்களைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டோடு அந்தச் செழிப்புத் தீர்ந்தது; சலாபம் முன்போல் அதன்பின் நடைபெறவேயில்லை.

அரிப்பிலே இன்னொன்றும் இருக்கிறது. பிரெடெரிக் நோர்த் என்ற தேசாதிபதி, சலாப காலத்திலே தாம் தங்குவதற்கென்று 1801க்கும் 1804க்கும் இடையிற் கடற்கரை மேட்டிலே மாளிகை ஒன்று எழுப்பினார். 'டொரிக்' என்று இன்றும் வழங்கும் அதன் சுவர்களைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. ஆண்டில் இரண்டு மாதம் தங்குவதற்குக் கல்லும் சுண்ணாம்பும் தேடியவரின் வீடு இப்போது சரிகிறது. ஓலையாற் கட்டியவர்கள் ஆண்டுதோறும் பிரித்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இவ்வளவும் எனக்கு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். என்னிடம் கணிதம் படித்த மாணவர் ஒருவர், ஓலைத்தொடுவாயைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகம் முடித்து மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று, இன்று கலிபோர்ணியாவில் உத்தியோகம் பார்க்கிறார். அவர் இருப்பது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை அடுத்த மவுண்டன் வியூ என்னும் நகரம். கூகிள் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்த ஊர். சம்பளம் நம்மவர் காதுக்கு நம்ப முடியாத தொகை. ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு மாத வாடகை மூவாயிரம் டொலர் அளவில் ஏறி நிற்கிறதாம். படிப்புக் கடன் ஒரு பக்கம், ஊரிலே தங்கைக்கென எழும்பும் கல்வீடு இன்னொரு பக்கம். ஆகவே அவர் பழைய வான் ஒன்றை வாங்கி, பின்பக்கத்து ஆசனங்களைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் தடித்த திரையிட்டு, ஓராண்டாக அதற்குள்ளேயே வசித்து வருகிறார். குளிப்பு, மாதச் சந்தா கட்டிய உடற்பயிற்சிக்கூடத்தில். பகலுணவும் இரவுணவும் கந்தோரில். உடுப்புத் தோய்க்க நாணயம் போடும் இயந்திரம். "அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சேர், நீங்கள் விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் பக்குவமாகச் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிந்தது.

வான் என்றால் ஆகாயம் என்று படிப்பித்த தமிழாசிரியர்கள் இருந்த கல்லூரியிலே படித்தவர் வானில் வாழ்வது பொருத்தமே என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் கொழும்பிலே வேலை பார்த்த நாட்களில் வெள்ளவத்தையில் ஓர் அறையில் நால்வராகக் கிடந்தவன். ஆயினும் அந்த அறைக்கு ஒரு விலாசம் இருந்தது.

தாயார் முற்றத்திலே கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துப் பேசி, நான் விடயத்துக்கு வந்தபோது அவர் கையை நிறுத்தவில்லை.

"வேலையும் வானுக்குள்ளயோ, மாஸ்டர்?"

"இல்லை அம்மா. வேலை பெரிய கந்தோரில். படுக்கை மட்டும் வானில்."

"அப்ப வாடி போட்டிருக்கிறான் எண்டு சொல்லுங்கோவன். இவன்ர அப்பாவும் வருசத்தில பாதி வாடியிலதானே கிடந்தவர். தொழில் இருக்கிற இடத்தில வாடி போடாமல் வேற எங்க போடுறது?"

நான் வழி நெடுகிலும் ஆயத்தம் செய்துகொண்டு போன ஆறுதல் மொழிகள் யாவும் வீணாயின. ஆனால் சற்று நேரத்தின் பின் அவர் கேட்ட கேள்விகள் இரண்டுக்கு என்னிடம் விடையில்லை. "பக்கத்து வாடி ஆருடையது?" என்பது முதலாவது. "எப்ப வாடி பிரிக்கிறானாம்?" என்பது மற்றது.

பக்கத்து வாடி என்று ஒன்று அவருக்கு இல்லை. அந்த ஊரில் வண்டிகளிலே வாழ்வோர் இவர் ஒருவரல்லர். தச்சர், தாதியர், வயது முதிர்ந்தோர், பிள்ளைகுட்டிக்காரர் எனப் பலர் இருக்கின்றனர். எனினும் திரையை இழுத்து மூடிக்கொண்டு, உள்ளே ஆளிருப்பது வெளியே தெரியாதவாறு இருப்பதே அந்த வாழ்க்கையின் முதல் விதி என்று அவர் எழுதியிருந்தார். வாடியிலே ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கப் பத்துப்பேர் உளர். வானிலே காய்ச்சலோடு கிடப்பவனைத் தட்டி எழுப்புவது பொலிஸ்காரரின் கைவிளக்குத்தான். தெருவில் ஓரிடத்திலே 72 மணி நேரத்துக்கு மேல் வாகனத்தை நிறுத்தக்கூடாது என்பது அங்கே சட்டம். 2020 நவம்பரிலே அந்நகர வாக்காளர், ஒடுங்கிய தெருக்களிலே பெரிய வாகனங்களை நிறுத்துவதற்கு விதிக்கப்பட்ட தடையையும் வாக்களித்து உறுதி செய்தனர். லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலோ வாகனத்தில் வசிப்பதையே குற்றமாக்கிய விதி 1983 முதல் இருந்தது. அது தெளிவற்றது என்று 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவைத்தது. இலண்டனில் வாடகைக்கு அஞ்சி கால்வாய்ப் படகுகளிற் குடியேறியோர் நிலையும் ஏறத்தாழ இதுவே. நிரந்தரத் துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கலாகாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கூலியாளை அழைத்துப் பணி கொள்ளும் ஊர், அவன் இரவைப் பற்றிக் கவலைப்படாதிருப்பது என்ன நாகரிகம் என்று எனக்கு விளங்கவில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பவன் உறங்குமிடம் கண்ணிற் படக்கூடாது என்கிறார்கள். கந்தோரிலே மூன்று வேளையும் சோறு போடுகிறார்களாம். அதற்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். சோறு போட்டால் ஆள் இரவுவரை நிற்பான் என்ற கணக்கு நம்மூர் முதலாளிகளும் அறிந்ததுதான்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. வாடிக்கு ஒரு பருவம் உண்டு. காற்று மாறினால் ஓலையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு என்று ஒன்று பின்னே இருப்பதனாலேயே வாடியிற் கிடப்பது இழிவாகவோ துயராகவோ தோன்றுவதில்லை. கலிபோர்ணியாவிலே எந்தக் காற்று மாறினால் அவர் வானை விட்டு இறங்குவார்? கடன் தீர்ந்தாலா, கல்வீட்டுக்குக் கூரை ஏறினாலா? தாயார் சொன்னார்: "வாடியில இருந்து கல்வீடு கட்டினவை ஊரில கனபேர், மாஸ்டர். வாடியிலயே கிடந்து போனவையும் இருக்கினம்." முற்றத்துக்கு அப்பால், மகன் அனுப்பிய பணத்தில் வளைமட்டம்வரை எழும்பிய சுவர்கள் பூச்சில்லாமல் நின்றன.

ஓலைக் கொட்டில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதும் தவறு. 1990 ஒக்டோபரிலே மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், இவ்வூருக்கு அண்டையிலுள்ள எருக்கலம்பிட்டியாரும் உட்பட, புத்தளத்திலே ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். கடல் கடந்து மண்டபம் முகாமுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் கதையும் நாம் அறிந்ததே. அவையும் தற்காலிகக் கூரைகள்தாம். பிரிக்கும் நாளைத் தாமே குறிக்க முடியாதவர்களின் கூரைகள் அவை. வாடி என்று அவற்றை ஒருவரும் அழைத்ததில்லை.

வாடி போடும் மணலுக்கும் இப்போது போட்டி வந்திருக்கிறது. தீவின் தென்கரையிலே 'தம்பபவனி' என்னும் காற்றாலை 30 கோபுரங்களோடு 2020 டிசம்பரிலே திறக்கப்பட்டது. மணலிலுள்ள கனியத்தின்மேலும் கண் வைத்தவர் பலர். மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 ஆகஸ்டிலே மன்னார் மக்கள் நாட்கணக்காகப் போராடினர். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லேன். இக்கட்டுரையை எழுதுவதும் மின்விளக்கின் கீழேதான். ஆனால் வரைபடத்திலே வெறுங்கரை என்று குறிக்கப்படும் இடம், பருவம் வந்ததும் பல குடும்பங்களின் உலை கொதிக்கும் இடம் என்பதைத் திட்டம் தீட்டுவோர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் தீட்டலாம்.

செல்ல விரும்பும் நேயர்களுக்கு ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர்க்கு 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பூநகரி வீதி வசதியானது. மன்னார்ப் பட்டினத்தில் இறங்கித் தலைமன்னார் பஸ் ஏறி, நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் திருப்பத்தில் இறக்கிவிடுவார். குடிநீர் கையில் இருக்கட்டும்; நிழல் குறைவு. கழுதைகள் வழிமறித்தால் ஒதுங்கி நில்லுங்கள், அவை ஒதுங்கா. வாடைக்காலத்திற் போனால் வடகரை வெறிச்சோடிக் கிடக்கும். நட்ட தடிகள் சிலவும், அடுப்பு மூட்டிய கற்களும் மட்டுமே இருக்கும். வாடிகளைக் காண வேண்டுமாயின் அப்போது தெற்கே நடக்க வேண்டும்.