திரும்பிப் போதல்

தமிழாசிரியர்தாம் நாம், எனினும், ஆங்கில ஆசிரியர் வாராத நாட்களில் அவ்வகுப்பையும் ஏற்பதுண்டு. கற்பிட்டிக் கடற்கரையை அடுத்த எமது பாடசாலையில் அன்றொரு நாள் 'கோ பேக்' என்னும் ஆங்கில வினைத்தொடரைக் கரும்பலகையில் எழுதினோம். 'திரும்பிப் போ' என்று பொருள் கூறி முடித்துவிடலாமென எண்ணினோம். அத்துணை எளிதில் அது முடியவில்லை.

1928இல் சைமன் குழு இந்தியாவுக்கு வந்தபோது, 'சைமனே, கோ பேக்' என்று மக்கள் முழங்கினர். ஆள வந்தவனை நோக்கி ஆளப்படுவோன் கூறுகையில் அது விடுதலை முழக்கம். அதையே ஏழை ஒருவன் மற்றோர் ஏழையை நோக்கிக் கூறினால்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடும் நிலமும் இழந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியே கற்பிட்டிக்கு வந்தோரிடையே, உம்மாவின் மடியில் கைக்குழந்தையாக நாமும் இருந்தோம். இவ்வூரார் சோறிட்டனர்; ஓலைக் கொட்டில் போட இடந் தந்தனர். ஆயினும், ஆண்டுகள் நீளவே கிணற்றடியில் வரிசையும் நீண்டது. "உங்கட ஊருக்குப் போங்களேன்" என்று ஒரு பெண் எம்மிடம் சொன்னது இன்றும் செவியில் நிற்கிறது. அவளைக் குற்றஞ் சொல்லோம். அவள் குடமும் வெறுங்குடமே. அன்றிரவு எமது உம்மம்மா, "ஊருக்குப் போகணும் மகன்" என்றார். சொல் ஒன்றுதான், கிணற்றடியில் அது துரத்தியது, கொட்டிலுக்குள் ஏங்கியது.

"சேர், பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்பிப் போறது?" என்று வினவினாள், இங்கேயே பிறந்த மாணவி ஒருத்தி. இலக்கணத்தில் இதற்கு விடையில்லை.

அத்தொடரோடு 'ஒன்' என்னும் சிறு சொல்லைச் சேர்த்தோம். 'கோ பேக் ஒன்' என்றால் கொடுத்த வாக்கிலிருந்து பிறழ்தல். 2002இல், முஸ்லிம்கள் திரும்பி வரலாமெனப் புலிகள் கூறினர். 2009இல் போரும் முடிந்தது. மீண்டோர் உளர். கூரையற்ற வீட்டையும் காடேறிய காணியையும் கண்டு, மறுபடியும் புத்தளத்துக்கே வந்தோரும் உளர். வாழ வழி செய்யாது 'வரலாம்' என்று மட்டும் சொல்வது, பாதி வாக்கேயன்றி வேறென்ன?

போக விரும்புவோர்க்குக் காணி வேண்டும்; இருக்க விரும்புவோர்க்கும், அவர்களை ஏற்ற ஊரார்க்கும், போதிய கிணறும் பாடசாலையும் வேண்டும். 'போ' என்று அம்மாணவியிடம் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. 'போகிறேன்' என்றோ, 'இருக்கிறேன்' என்றோ சொல்லும் உரிமை அவளுக்கே உண்டு.