தீராத கேஸ்

குளிர்பதனப் பெட்டி குளிரவில்லை என்றதும் "கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்பவரிடம் எங்களுக்கு உடனே ஐயம் எழுந்துவிடும். எரிந்து தீர அது அடுப்பு எரிவாயு அன்று. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறிமாறிச் சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்.

சென்ற கோடையில் எங்கள் பெட்டியின் கீழறை வெதுவெதுப்பாயிற்று. மேலறையில் பனிக்கட்டி கல்லாகவே இருந்தது. கீழே அம்மாவின் இன்சுலின். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மேலே வைத்தால் உறைந்து கெட்டுவிடும். முதலில் வந்தவர் பெட்டியைத் திறவாமலே கேஸுக்கு விலை சொன்னார். அடுத்து வந்த முதியவர், "ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சா சரியாகி, நாலஞ்சு நாள்ல மறுபடி இப்படி ஆகுதா?" என்று கேட்டார். ஆம், இருமுறை அப்படித்தான் நடந்திருந்தது.

அந்தக் கேள்வியிலேயே நோய் பிடிபட்டுவிட்டது. பனி படியாதது என்று விற்கப்படும் பெட்டியிலும் பனி படியத்தான் செய்கிறது, நம் கண்படாத இடத்தில். மேலறைப் பலகைக்குப் பின்னுள்ள குளிர்ச்சுருளில் சேரும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கவேண்டும். அது செத்தால் பனி வளர்ந்து, விசிறி கீழே அனுப்பும் காற்றை மறித்துவிடும். அணைத்தால் உருகும், பிறகு மீண்டும் வளரும்.

பலகையைக் கழற்றினார், வெள்ளைச் சுவர். ஹீட்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார், முள் அசையவில்லை.

புது ஹீட்டர் மறுநாள்தான் கிடைத்தது. அதுவரை இன்சுலின் எதிர்வீட்டுப் பெட்டியில், பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே இருந்தது.