சித்தப்பா கடைக்குப் போன போன்கால்கள்

பழைய கிரெடிட் கார்டு கடன் ஒன்று என் பெயரில் இருக்கிறது. வேலை போன சமயத்தில் கட்ட முடியாமல் போனது, அதை மன்னித்துவிடலாம். மறுபடி வேலை கிடைத்து, மாதம் பிறந்தால் சம்பளம் வந்து விழுந்த பிறகும் நான் கட்டவில்லை. அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

நான் செலவழித்தது 84,000 ரூபாய். டிவி, போன், தீபாவளித் துணிமணி. மாதாமாதம் மினிமம் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மீதிக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதாவது வருடத்துக்கு 42. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கட்டுவதை நிறுத்தியதும் தாமதக் கட்டணமும் சேர்ந்தது. தொண்ணூறு நாள் தாண்டி வாராக்கடனாகி, பிறகு ‘ரைட் ஆஃப்’ செய்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது தள்ளுபடி ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். உண்மையில் வங்கி தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அது; வாங்கியவன் கடன் அப்படியேதான் நிற்கும்.

1963ஆம் வருடத்து லிமிடேஷன் சட்டப்படி மூன்று வருடம் போனால் வங்கி வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். சிம் கார்டை மாற்றினேன். காலம் கழியட்டும் என்று காத்திருந்தேன்.

கார்டு விண்ணப்பத்தில் தெரிந்தவர் ஒருவரின் பெயரும் நம்பரும் கேட்டிருந்தார்கள். பெரம்பூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சித்தப்பாவைத்தான் எழுதியிருந்தேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது. வசூல் ஏஜெண்டுகள் மறக்கவில்லை. காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கடன்காரரை அழைக்கக்கூடாது, அவருடைய உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. எனக்காக அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? கல்லாவில் உட்கார்ந்து வயர் அளந்துகொண்டே, வாடிக்கையாளர் முன்னால், என் கடனுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது சிபில் அறிக்கையில் ‘ரைட்டன் ஆஃப்’ என்று இருந்தது. அதோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். யோசனை கேட்கச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்திதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “உனக்காக இந்த மனுஷன் எத்தனை பேச்சு வாங்கியிருக்கார் தெரியுமாப்பா?” சித்தப்பா தலையை நிமிர்த்தவில்லை. “பையன் கஷ்டத்துல இருக்கான்னு சொன்னேன். அவ்வளவுதான்” என்றார். அவர் அப்படிச் சொன்ன நாட்களில் நான் எந்தக் கஷ்டத்திலும் இல்லை.

வட்டியெல்லாம் சேர்த்து வங்கி சொல்லும் கணக்கு இப்போது 2,90,000. முழுசாகக் கட்டினால் அறிக்கையில் ஓரளவு நல்ல பெயர் மிஞ்சும்; மகளின் படிப்புக்கு வைத்திருக்கும் பணம் போய்விடும். குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்து கடன் தருகிறவர் யோசிப்பார். ஏஜெண்ட் ஒருவர் போனிலேயே பாதிக்கும் கீழே இறங்கி வந்து, தன் யுபிஐக்கு அனுப்பச் சொன்னார். மறுத்துவிட்டேன். கடன் வங்கியிடமே இருக்கிறதா, வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்களா என்று முதலில் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

கடைசியில் 1,40,000 என்று பேசி முடித்தேன். நான் அனுபவித்த முதலும், அதற்கு நியாயம் என்று என் மனசுக்குப் படும் வட்டியும் அதில் அடங்கும். 42 சதவீதம் நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எழுதிக் கையெழுத்துப் போட்டால் மூன்று வருடக் கணக்கு என்னைக் காப்பாற்றாது. காலம் கடந்த கடனைக் கட்டுவதாக எழுதிக்கொடுத்தால் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். தெரிந்துதான் போடுகிறேன். ‘செட்டில்டு’ என்ற அடையாளம் இருந்துவிட்டுப் போகட்டும். வீடு தள்ளிப்போகிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

வங்கியின் லெட்டர்ஹெட்டில் செட்டில்மென்ட் கடிதம் வந்த பிறகுதான் பணம், அதுவும் கார்டுக் கணக்குக்கு நேராக. முடிந்ததும் பாக்கி இல்லை என்று சான்று வாங்க வேண்டும். இவற்றோடு நான் எழுதிக் கேட்டிருக்கும் இன்னொன்று, சித்தப்பாவின் நம்பரை அவர்களுடைய பதிவிலிருந்தும் ஏஜெண்டுகளின் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்பது. அதற்குப் பதில் வராமல் கையெழுத்துப் போடமாட்டேன்.