பழைய ஓம்னிக்கு என்ன விலை?

"பதிமூணு வருஷ வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எதுக்குங்க? தேர்டு பார்ட்டி போதாதா?" சென்னையிலிருந்து வர்ற நண்பர்கள் கேட்பாங்க. சட்டப்படி போதும்தான். ஆனா அது நாம இடிச்சவங்களுக்குக் காசு தரும், நம்ம வண்டிக்குத் தராது. போன தை மாசம் நடந்ததை எழுதினா பதில் தானா புரியும்.

எங்க வண்டி 2012 மாடல் மாருதி ஓம்னி. திருவிடந்தைத் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி கீரைக்கட்டு ஏத்தினா, ஆறு மணிக்குக் கேளம்பாக்கம் கடைகள்ல இறக்கிடலாம். அந்த வண்டி நின்னா எங்க வியாபாரமும் நிக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, கோவளம் கூட்ரோட்டில் இடது பக்கம் திரும்பும்போது பின்னாடி வந்த கார் மூலையில இடிச்சது. பின்கதவு மடங்கி, கண்ணாடி நொறுங்கி, கீரையெல்லாம் ஈ.சி.ஆர். ரோட்டுல. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. காரிலிருந்து இறங்கின தம்பி, "அங்கிள், அஞ்சாயிரம் வெச்சுக்கோங்க, இங்கேயே முடிச்சுக்கலாம்"னு நீட்டினார். நான் வாங்கலை. தகரத்தைப் பிரிச்சுப் பார்க்காம உள்ளே எது வளைஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு வண்டியையும் நின்ன நிலையிலேயே போட்டோ எடுத்தேன். ஸ்டேஷன்ல ரசீது வாங்கினேன். அன்னிக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிட்டேன்.

தப்பு அந்தத் தம்பி மேலதானே, அவர் இன்சூரன்ஸ் கொடுக்கட்டுமேன்னு கேட்கலாம். அதுக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். கீரை அதுவரைக்கும் காத்திருக்காது. அதனால நம்ம பாலிசியிலேயே கிளெய்ம் போட்டேன். நோ கிளெய்ம் போனஸ் போயிடும். பழைய வண்டிக்கு அது ஆயிரத்துச் சொச்ச ரூபாய் விஷயம்தான்.

கம்பெனி காட்டின பெரிய ஒர்க்‌ஷாப்பில் 68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டாங்க. சர்வேயர் பார்த்துட்டு, "சார், இது டோட்டல் லாஸ்ல போயிடும்"னார். கணக்கு இதுதான். பாலிசியில வண்டிக்கு ஒரு விலை போட்டிருக்கும், ஐ.டி.வி.ன்னு சொல்வாங்க. ரிப்பேர் செலவு அதுல 75 சதவீதத்தைத் தாண்டினா, வண்டியை முழு நஷ்டமா எழுதிடுவாங்க. எங்க ஐ.டி.வி. 80,000. அப்போ எல்லை 60,000. எழுதிட்டா அந்த எண்பதாயிரத்தை ஒட்டித்தான் கையில வரும். ஓம்னி தயாரிப்பை 2019-லயே நிறுத்திட்டாங்க. ஓடுற நிலையில ஒண்ணு வாங்க ஒன்றரை லட்சம் கேட்கிறாங்க.

எங்க ஊர் மெக்கானிக் பாய் வண்டியைச் சுத்திப் பார்த்தார். "அண்ணே, கதவு மட்டும் புதுசு போடுவோம். மீதி டிங்கரிங்ல எடுத்துடலாம்"னார். அவர் எழுதிக் கொடுத்தது 47,000. சர்வேயர் அதை ஏத்துக்கிட்டார். ஆனா வலது பக்கத் தகரத்தைத் தொட்டு, "இது கடல் காத்துத் துரு, விபத்தில்லை"ன்னார். உப்புக் காத்து இங்கே எந்த வண்டியையும் விடாது, தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் தராதுங்கிறதும் நியாயம். ஆனா ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு எடுத்த போட்டோ என்கிட்ட இருந்தது. அதுல அந்த இடம் நேரா, சுத்தமா இருக்கு. படிக்கட்டுத் தகரத்துத் துருவை நானே விட்டுக் கொடுத்தேன். வளைஞ்ச தகரத்தை அவர் சேர்த்துக்கிட்டார்.

பாய் போட்ட 47,000-இல் எங்களுக்குக் கிடைச்சது 36,000. கணக்கு தெரிஞ்சிருந்தா மனசு கசக்காது. 10 வருஷம் தாண்டின வண்டின்னா இரும்புப் பாகத்துக்குப் பாதிதான். 14,000-க்கு 7,000. பிளாஸ்டிக், ரப்பர் எந்த வயசு வண்டிக்கும் பாதி. 4,000-க்கு 2,000. கண்ணாடி 3,000 முழுசா. கூலி 18,000 முழுசா. பெயிண்ட் 8,000-இல் கால் பங்கைப் பொருள் விலையா எடுத்து, அதுல பாதியைக் கழிச்சு 7,000. கடைசியா சின்ன காருக்குக் கட்டாயப் பிடித்தம் ஆயிரம். மீதி 11,000-மும், வண்டி நின்ன மூணு வாரத்துக்குக் குட்டியானை வாடகையும் எங்க கைக்காசு.

இவ்வளவும் முடிஞ்சதுக்கு ஒரே காரணம் புதுப்பிக்கும்போது பேசினது. அப்போ கம்பெனி 60,000-ன்னு போட்டு அனுப்பியிருந்தது. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி.யை ரெண்டு தரப்பும் பேசித்தான் முடிவு பண்ணணும். ஊர்ல விக்கிற விலையைச் சொல்லி 80,000-க்கு ஏத்தினேன். பிரீமியம் கொஞ்சம்தான் கூடினது. அறுபதுலயே விட்டிருந்தா எல்லை 45,000. பாயோட எஸ்டிமேட்டும் அதைத் தாண்டியிருக்கும், ஓம்னி பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

உங்களுக்குக் கணக்கு நியாயமாப் படலைன்னா சர்வே ரிப்போர்ட் நகல் கேளுங்க. கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா சென்னையில இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அதுக்கெல்லாம் முன்னாடி, வீட்டுல பழைய கார் இருந்தா பாலிசியை எடுத்து அந்த ஐ.டி.வி. எண்ணைப் பாருங்க. அந்த விலைக்கு உங்க வண்டியை நீங்க விப்பீங்களா? மாட்டேன்னா, அடுத்த தடவை புதுப்பிக்கும்போது பேசுங்க.