இரண்டாம் ஈத்து

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுக்காரர் என்றால் தொரட்டியும் தூக்குச்சட்டியுமாக மந்தையை ஓட்டிப் போகிறவர்தான். நான் போன வீட்டிலும் அப்படித்தான். அண்ணாச்சி விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவார். சினை பார்ப்பது, ஈத்துப் பார்ப்பது, குட்டியைத் தாயோடு ஒட்டவைப்பது எல்லாம் அவர் மனைவி, அக்காவின் பாடு. அதற்கென்று ஊரில் ஒரு பட்டமும் கிடையாது.

தொழுவத்தில் இருந்தவை அத்தனையும் கன்னி ஆடுகள். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் சொந்த இனம். கறுப்பு உடம்பு. முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்குவரை இறங்கும் கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பு என்றால் செங்கன்னி. இரட்டைக்குட்டி போடுவதில் பேர்போனவை. வரவும் அதில்தான், வம்பும் அதில்தான். இரண்டு குட்டி என்றால் ஒவ்வொன்றும் எடை குறைவாக விழும். ஐப்பசி மழையில் நனைந்து குளிர் ஏறினால் தாங்காது.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வயிற்றுக்குள் குட்டி எடை போடுவது பெரும்பாலும் கடைசி 50 நாளில். அந்தச் சமயத்தில் மேய்ச்சலை மட்டும் நம்பாமல் ஊறவைத்த பருத்திக்கொட்டையும் உடைமரத்து நெற்றும் வைக்கிறார் அக்கா. “வயித்துக்குப் போடாம அப்புறம் மடியத் தடவிப் பாத்து என்ன செய்ய?” என்றார். துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியும் சினையாக இருக்கும்போதே போட்டாயிற்று. ஈத்துக்கு வேண்டிய மற்ற ஏற்பாடெல்லாம் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது: காய்ந்த வைக்கோல், துவைத்த சாக்கு, புது பிளேடு, நூல், அயோடின் டிஞ்சர். பக்கத்தில் கொடாப்பு. மூங்கில் பிளாச்சில் முடைந்த அந்தக் கூடையைக் கவிழ்த்துப் போட்டால் மந்தை மேயப் போயிருக்கும் பகல் முழுக்கக் குட்டிகளுக்கு அதுதான் வீடு.

மடி இறுகி, வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்த ஆடு அன்று மேயப் போகவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தது, படுத்தது, எழுந்தது. இது அதற்கு இரண்டாம் ஈத்து. பனிக்குடம் உடைந்து இரண்டு முன்னங்குளம்புகளும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் கை நீட்டினான். “டேய், இழுக்காத. எப்ப முக்கணும்னு அதுக்குத் தெரியும்” என்றார் அக்கா. அரைமணி நேரத்துக்கு மேல் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு போன் போட்டுவிடுவாராம். ஒன்றும் செய்யாமல் குந்தியிருக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதி என்று எனக்குத் தோன்றியது.

மீதிப் பாதியையும் பார்த்தேன். முதல் குட்டி தானாகவே விழுந்தது. அடுத்ததற்குப் பின்னங்கால்கள் முதலில் வந்தன. தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கினால் மூச்சு முட்டிப்போகும்; காத்திருக்க நேரமில்லை. ஆடு முக்கும்போது மட்டும், மடிப்பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்தார். வெளியே வந்த குட்டி அசையவில்லை. வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை விரலால் வழித்து எடுத்தார். ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டு ஆட்டினார். தும்மியது.

தாய் முதல் குட்டியையே நக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதை ஏறிட்டும் பார்க்கவில்லை. முதல் குட்டியின்மேல் இருந்த ஈரத்தை அள்ளி இதன் முதுகில் பூசி, தாயின் மூக்குக்கு நேரே வைத்தார். முகர்ந்து, சற்று யோசித்து, நக்கத் தொடங்கியது. அதற்குள் தொப்புள்கொடியை நூலால் கட்டி அறுத்து டிஞ்சரில் முக்கியாகிவிட்டது. குளம்பு நுனியில் மெத்தென்று இருந்த சதையைக் கிள்ளி எறிந்தார். அப்போதுதான் கால் ஊன்றுமாம். காம்பின் அடைப்புப் போக முதல் பாலைத் தரையில் பீச்சிவிட்டு, இளைத்த குட்டிக்கு முதலில் சீம்பால் ஊட்டினார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது வயிற்றில் இறங்கியாக வேண்டும். பிறந்த குட்டிக்கு நோயைத் தடுக்கும் சக்தி வருவது அந்தப் பாலிலிருந்துதான்.

பொழுது சாயத் திரும்பிய அண்ணாச்சி, “கிடாயா, பெட்டையா?” என்று கேட்டார். இளைத்தது கிடாய், மற்றது பெட்டை. பெட்டை வீட்டில் நிற்கும். கிடாய் வளர்ந்ததும் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும். அன்று பணத்தை யார் வாங்குவீர்கள் என்று கேட்டேன்.

“அவுக வாங்குவாக. நான் எண்ணுவேன்” என்றார் அக்கா, நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று ஆட்டின் பின்னால் குனிந்து பார்த்தபடி.