பிசகிய சுரம்

போரை நாம் போற்றுபவரல்லர். போருக்கு ஏவப்பட்ட ஏழைகளின் பிள்ளைகளை மறப்பவருமல்லர். அமெரிக்காவில் முன்னாட் படைவீரரின் புதைகுழியருகே 'டாப்ஸ்' என்னும் 24 சுர எக்காள இசை ஒலிப்பது மரபு. ஊதுவோர் கிடையாவிடின் ஒலிப்பதிவே போதுமென்றது 2000இல் நடைமுறைக்கு வந்த சட்டம். உயிரைக் கேட்ட அரசுக்கு ஒரு மூச்சைத் தர மனமில்லையா? அவ்வாண்டே தொண்டர் சங்கமொன்று எழுந்தது. எக்காளக்காரர் கூலி பெறாது சென்று ஊதினர். அரசோ 2003இல் எக்காளத்தின் விரிந்த வாயினுள் ஒலிப்பொறியைச் செருகி, சிப்பாயை ஊதுவதாகப் பாவனை செய்யவிட்டது!

வகுப்பிலே இதனைக் கூறினோம்.

"பொறி பிசகாதே, ஐயா" என்றான் ஒரு மாணவன்.

உண்மைதான். 1963இல் கென்னடியின் அடக்கத்தின்போது, குளிரில் நெடுநேரம் காத்து நின்ற படைவீரனின் ஆறாவது சுரம் பிசகிற்று. அதனை விம்மலென்றே கேட்டனர் பலர்.